தங்க ஓலையும் ஒரு அரசாணையும்: தரங்கம்பாடிக் கரையின் கதை

கோபன்ஹேகனில் டென்மார்க் அரசாங்கத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒரு தங்க ஓலை இருக்கிறது. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பியது. விஷயம் முழுக்கத் தமிழில். கீழே கையெழுத்து மட்டும் தெலுங்கில்.

இதைப் படித்தபோது பலமனேர் ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது அன்றாடம் நடக்கிற காரியம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் இரண்டோடு கொஞ்சம் கன்னடமும். வேலூரில் இருக்கும் மகளுக்குத் தமிழில் கடிதாசு எழுதுகிற பெரியவர், பேங்கில் பணம் எடுக்கிற ஸ்லிப்பில் தெலுங்கில்தான் கையெழுத்துப் போடுவார். நானூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர் அரண்மனையிலும் அதேதான் நடந்திருக்கிறது.

மற்றபடி கடலுக்கும் பலமனேருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 2,200 அடி உயரத்தில் இருக்கிற ஊர். வெள்ளைக்கார அதிகாரிகள் நீலகிரிக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்னால், மெட்ராஸ் வெயில் தாங்காமல் வந்து தங்கிய இடம். இருக்கிற ஆறு கௌண்டின்யா. அது மலை இறங்கிக் குடியாத்தம் வழியாகப் பாலாற்றில் சேரும், தண்ணீர் இருந்தால். அப்படிப்பட்ட ஊர்க்காரன் கடற்கரையைப் பற்றி எழுதக் காரணம், காரைக்காலில் நான் வேலை பார்த்த மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறித் தரங்கம்பாடி போய்விடுவேன். பதினைந்து கிலோமீட்டர்தான்.

ஒரு சின்ன பழைய ஊரின் கரையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது என்று எல்லா ஊரிலும் பேசுகிறார்கள். நடைபாதை, விளக்கு, உட்காரக் கல் பெஞ்சு. நல்லதுதான். ஆனால் 'பொதுமக்கள்' என்றால் யார்? தரங்கம்பாடியை வைத்து இதைப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் படித்தது பி.காம்., சரித்திரம் இல்லை. ஆனால் ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்தால் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், யார் பேர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் இருபது வருஷமாக உண்டு. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

டேனிஷ்காரர்கள் வந்த கதை சுருக்கமாக. 1616-ல் கோபன்ஹேகனில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். 1618-ல் ஓவே கெட்டே என்கிற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் இலங்கையை நோக்கிக் கிளம்பின. முன்னதாக வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்ச்சுகீசியர் தாக்கி அழித்துவிட்டார்கள். அதில் தப்பித்த ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார். இலங்கையில் காரியம் கைகூடாமல், தஞ்சாவூரில் 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம். வாடகை வருஷத்துக்கு 3,111 ரூபாய் என்று புத்தகங்களில் போட்டிருக்கும்.

ஒப்பந்தத்தில் இரண்டு பார்ட்டி: நாயக்கர், டென்மார்க். கரையில் அப்போதே ஆள் இல்லாமல் இல்லை. 1300-களின் ஆரம்பத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் இருந்தது. அங்குள்ள கல்வெட்டில் ஊர் பேர் சடங்கன்பாடி. (அலைகள் பாடுகிற ஊர், அதனால் தரங்கம்பாடி என்று சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 'பாடி' என்றால் குடியிருப்பு. வாணியம்பாடி எதைப் பாடுகிறது? :-) ) கோயில் இருந்தால் ஊர் இருந்திருக்கும், கடலோரத்து ஊர் என்றால் மீன் பிடிக்கிறவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரும் ஒப்பந்தத்தில் பார்ட்டி இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் பத்திரத்தில்தான் இருந்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் இங்கே ஒரு விசேஷம் இருக்கிறது.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. தரங்கம்பாடியிலும் சரி, மெட்ராஸிலும் சரி, பெரிய கப்பல் கரைக்கு வரவே முடியாது. தூரத்தில் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு அலையைத் தாண்டி வர இரண்டே வழி, கட்டுமரம் அல்லது பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்குப் படகு. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் விறைத்துக்கொண்டு நின்று உடையும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தாண்டும். ஓட்டத் தெரிந்தவர்கள் கடலோர மக்கள் மட்டும்தான். கவர்னர் ஆனாலும், பாதிரியார் ஆனாலும், மிளகு மூட்டை ஆனாலும், வெள்ளிப் பெட்டி ஆனாலும், அவர்கள் கை படாமல் கரை சேர முடியாது. கோட்டை டேனிஷ்காரருடையது, வாசல் சாவி இவர்களிடம். இருநூறு வருஷத்துக்கு மேல் அந்த ஊரின் கடல் வழி என்பது இந்த மனிதர்கள்தான்.

கரையை அடைந்தால் மட்டும் ஊருக்குள் போய்விட முடியாது, அது வேறு விஷயம். 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கும் புளுட்சோவும் இங்கே வந்து இறங்கினார்கள். அனுப்பியது டென்மார்க் ராஜாவே. ஆனாலும் உள்ளூர் நிர்வாகம் முகம் கொடுக்கவில்லை, வெளியே காத்திருக்க வைத்தது. இரண்டு வருஷம் கழித்து சீகன்பால்கைக் கோட்டைக்குள்ளேயே நாலு மாசம் சிறை வைத்தார்கள். இந்தியாவில் தமிழ் அச்சுப் புத்தகத்துக்கு அவ்வளவு செய்த மனிதர், தரங்கம்பாடிக் கோட்டையை முதலில் நன்றாகப் பார்த்தது கைதியாகத்தான். டான்ஸ்போர்க் கோட்டைக்கு இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். கட்டியபோது அதன் வேலையே ஆட்களை வெளியே நிறுத்துவதுதான். ஊரைச் சுற்றி மதில், மேற்கே வாயில். 1792-ல் திருப்பிக் கட்டிய அந்த வாயில் இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் போனால் அதன் வழியாகத்தான் ராஜவீதிக்குள் நுழைவீர்கள்.

கிழக்குப் பக்க மதில் மட்டும் இல்லை. அதைக் கடல் எடுத்துக்கொண்டது. கோயிலின் முன்பகுதியையும் கடல்தான் எடுத்தது. டேனிஷ்காரர்கள் வரைந்த பழைய வரைபடங்களில் கோட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு நேரில் போனால் வயிற்றைக் கலக்கும். எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாத இன்னொரு பார்ட்டி இந்தக் கடல்.

1845-ல் கணக்கை முடித்தார்கள். தரங்கம்பாடி, வங்காளத்தில் இருந்த செராம்பூர், பாலசோரில் ஒரு துண்டு நிலம், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பினார்கள். தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை, ஒரு கணக்குப் போட்டேன். 3,111 ரூபாய் வாடகையை 225 வருஷத்தால் பெருக்கினால் 6,99,975. நடுவில் கூடுதல் கிராமங்கள் சேர்ந்தன, வாடகையும் மாறியது, அதனால் இது வெறும் விளையாட்டுக் கணக்கு. ஆனாலும் வாடகைக்கு எடுத்த இடத்தைக் குடியிருந்தவரே இன்னொருவருக்குக் கிரயம் செய்தார் என்பதைக் கவனியுங்கள். எங்கள் பேங்கில் இப்படி ஒரு மூலப்பத்திரத்தைக் கொண்டுவந்து அடமானக் கடன் கேட்டால் லீகல் ஒபினியன் கொடுக்கிற வக்கீல் மயங்கி விழுவார்.

வாங்கிய இங்கிலீஷ்காரர்கள் கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரை இங்கே வைத்திருந்தார்கள். 1860 வாக்கில் அதுவும் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரம் அங்கே போனது. பழைய தெருக்களை இடித்து அகலப்படுத்த யாருக்கும் தேவை வரவில்லை, காசும் இல்லை. ஊர் அப்படியே நின்றதற்கு முதல் காரணம் அந்த ஏழ்மை. பாதுகாத்தோம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிக்கொள்வதை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்பது.

அந்த நூற்றாண்டுகளில் இந்தக் கரைக்குப் பொது ஜனத்தை உண்மையாகவே கொண்டுவந்த ஒரு காரியம் என்று கேட்டால் நான் 1926-ஐச் சொல்வேன். அந்த வருஷம் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓட ஆரம்பித்தது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். உள்நாட்டில் வயலில் நின்றவர்கள் சில அணா கொடுத்துக் கடலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போடலாம். மீன் கூடையோடு கரையிலிருந்து உள்ளே போகலாம். இதற்கு அறிவிப்புப் பலகை, திறப்பு விழா ஒன்றும் தேவைப்படவில்லை. 1986-ல் வரும்படி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர் போன திருக்கடையூர் வழியாகப் போன ரயில், தனக்கு அறுபது நிறைந்ததும் நின்றுபோனது. பேங்க் பாஷையில் சொன்னால், அந்த லைனின் நஷ்டத்தை எழுதினார்களே தவிர, அதனால் ஊருக்குக் கிடைத்ததை வரவில் யாரும் எழுதவில்லை.

கோட்டை அதுவரை பயணியர் பங்களாவாக இருந்து, 1970-களின் கடைசியில் தமிழ்நாடு தொல்லியல் துறை கைக்கு வந்து மியூசியம் ஆனது. அதுவும் ஒரு கதவு திறப்புதான். முதல் தடவையாகச் சாதாரண ஆட்கள், விருந்தாளியாகவோ கைதியாகவோ இல்லாமல், கோட்டைக்குள்ளிருந்து கடலைப் பார்த்தார்கள்.

அப்புறம் 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள் (தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டம், 2020-ல்தான் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்தது). தரங்கம்பாடியில் முந்நூறு பேர் அளவில். பெண்களும் குழந்தைகளும் அதிகம். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அதை அனுபவித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நான் எழுத நினைப்பது மூன்று மாசம் கழித்து வந்த ஒரு காகிதத்தைப் பற்றி. 2005 மார்ச் கடைசியில் தமிழ்நாடு அரசு வருவாய்த் துறையின் அரசாணை எண் 172. சுனாமி வீடுகளைப் பற்றியது. சாரம் இதுதான். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்கள், தள்ளிப் போய் 200 மீட்டருக்கு அப்பால் குடியேறச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் புது வீடு இலவசம். சம்மதம் இல்லாதவர்கள், சட்டப்படி இருக்கிற வீடு என்றால், சொந்தச் செலவில் ரிப்பேர் செய்துகொள்ளலாம், அரசு உதவி கிடையாது. புது வீட்டுப் பட்டா கணவன், மனைவி இரண்டு பேர் பேரிலும். இது நல்ல அம்சம், மனசாரப் பாராட்ட வேண்டியது. கூடவே ஒரு ஷரத்து: புது வீடு வாங்குகிறவர் பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த இடம் பொதுப் பயன்பாட்டுக்காக வைத்துக்கொள்ளப்படும்.

பொதுப் பயன்பாடு. இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

பாதுகாப்புக்காகச் சொன்னார்கள், அதை நான் சந்தேகப்படவில்லை. அந்த வருஷம் கரையில் வீடு கட்டு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கடலோரக் கிராமங்களில் அன்றைக்கு எழுந்த பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் காலி செய்கிற இடத்தில் நாளைக்கு ஹோட்டல் வந்தால்? பூங்கா வந்து, பூங்காவுக்கு வேலி வந்தால்? மீனவர் வீட்டு வாசல் என்பது நம் வீட்டு வாசல் மாதிரி கிடையாது. அங்கே வலை பழுது பார்ப்பார்கள், கருவாடு காயும், கடலின் நிறமும் காற்றின் திசையும் வாசலில் நின்றால் தெரியும், கரையில் இழுத்து வைத்த படகின் மேல் ஒரு கண் இருக்கும். அரை கிலோமீட்டர் தள்ளிப்போனால் மோட்டாரை யார் தினமும் தூக்கிச் சுமப்பது? சுற்றுலாத் துறைக்குப் பொதுப் பயன்பாடு என்றால் கல் பெஞ்சு. வலை காய்கிறவருக்குப் பொதுப் பயன்பாடு என்றால் வெறும் மணல், சும்மா விட்ட மணல்.

தரங்கம்பாடி ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தது. அங்கேயும் பக்கத்துச் சின்னங்குடியிலும் புது வீடுகளைக் கட்டியது தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. கட்டட வடிவமைப்பாளர் பென்னி குரியகோஸ். இரண்டு ஊரிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஒரே அச்சில் வார்த்த பெட்டிகளாக இல்லாமல், குடும்பங்களிடம் கேட்டு, திண்ணையும் மாடிப்படியும் அவர்கள் புழங்குகிற விதத்துக்கு ஏற்ப வைத்துக் கட்டினார்கள். கரையை விட்டுத் தள்ளி வந்த துக்கத்தை வீடு தீர்க்காது. ஆனால் வீடாவது வீடாக இருந்தது.

அதே வருஷங்களில் பழைய ஊருக்குள் வேறு வேலை நடந்தது. இன்டாக் அமைப்பின் பாண்டிச்சேரிப் பிரிவும் டென்மார்க்கின் பெஸ்ட்செல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து இடிந்த பழைய வீடுகள் சிலவற்றை ஓடு மாற்றிச் சுண்ணாம்புச் சாந்து பூசி எழுப்பினார்கள். டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் கவர்னர் பங்களாவைப் பழுது பார்க்கக் கை கொடுத்தது. தரங்கம்பாடிக்கென்றே டென்மார்க்கில் ஒரு சங்கம் இருக்கிறது, அவர்கள் கோட்டைக்குச் செய்தார்கள். ராஜவீதிக்கும் கோட்டை முன் மைதானத்துக்கும் புதுத் தளம், விளக்கு, உட்கார இடம் வந்தன. நான் பார்த்தவரை இதில் எதுவும் கண்ணை உறுத்தவில்லை. அந்த மைதானத்தைப் பெரிதாக ஒன்றும் கட்டாமல் திறந்தவெளியாக விட்டதுதான் பெரிய சாதனை. சாயங்காலம் பொறையாரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள், பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், கேட்பாரில்லை. காசு வாங்குகிற கேட் ஒன்று வைத்திருந்தால் இதெல்லாம் மறுநாளே காணாமல் போயிருக்கும்.

(காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று அங்கே யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். மேலே வானத்தில் இருந்தால்தான் ஓசோன் நமக்கு நல்லது. மூக்கு வழியாக உள்ளே போனால் நுரையீரலுக்குக் கெடுதி. தரங்கம்பாடிக் காற்று நல்ல காற்றுதான், அதற்கு ரசாயனப் பட்டம் தேவையில்லை.)

கல் சமாசாரத்துக்கு வருகிறேன். கோயிலையும் கோட்டையையும் காப்பாற்றக் கரையில் பெரிய பெரிய பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கொட்டாமல் இருந்திருந்தால் மாசிலாமணிநாதர் கோயிலில் மிச்சம் இருப்பதும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் கல் கொட்டிய இடத்தில் கடலைப் பார்க்கலாம், தொட முடியாது. வயதானவர்கள் திதி கொடுத்துவிட்டுத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும் என்றால் கல்லில்லாத இடம் தேடி நடக்க வேண்டும். படகு இழுக்கவும் அப்படித்தான். கரையைக் காப்பதும் கரைக்கு வழி விடுவதும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகிற இடம் இது. எந்த வரைபடத்திலும் இந்தச் சண்டை தெரியாது, நேரில் நின்றால்தான் தெரியும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பாண்டிச்சேரியைப் பாருங்கள். 1980-களின் கடைசியில் அங்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் பீச் கரைந்து போனது. கற்களைக் கொட்டினார்கள். கூபேர் அவென்யூ இந்தியாவின் அழகான கடற்கரைச் சாலைகளில் ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள், நாட்டில் வேறு எங்கும் சுலபத்தில் பார்க்க முடியாத மரியாதை. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அங்கே கால் நனைக்காமலே வளர்ந்தார்கள். 2018, 2019 வாக்கில் சென்னையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் ஒரு தடுப்பை இறக்கி வைத்தது, அதன் பிறகுதான் ஒரு துண்டு மணல் திரும்பியது. அந்தத் துண்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்தால், ஜனம் எதற்கு ஏங்கிக்கொண்டிருந்தது என்று தெரியும்.

தரங்கம்பாடியிலும் சமீப வருஷங்களில் மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். படகு நிறுத்தப் பாதுகாப்பான இடம் என்பது அங்கத்து மீனவர்களின் நியாயமான தேவை, அதை வெளியூர்க்காரன் குறை சொல்லக் கூடாது. அதன் சுவர்களுக்கு வடக்கே இருக்கிற கரையை வருஷா வருஷம் அளந்து கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் விண்ணப்பம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் கொடுத்த தீர்ப்பு ஒன்று உண்டு. வழக்கு நடந்தது மணாலிப் பக்கம் பியாஸ் ஆற்றங்கரையில் கட்டிய ஒரு ஹோட்டலைப் பற்றி. ஆனால் சொன்னது எல்லாக் கரைகளுக்கும்: கடற்கரை, ஓடுகிற தண்ணீர், காடு, காற்று இவற்றுக்கெல்லாம் அரசு வெறும் தர்மகர்த்தா, அனுபவிக்கிறவர்கள் மக்கள், தனியார் சொத்தாக மாற்றக் கூடாது. டிரஸ்ட் கணக்கு வைத்துப் பழகிய எங்களுக்கு இது நன்றாகப் புரியும். டிரஸ்டி கையெழுத்துப் போடலாம், பணத்தை எடுத்துச் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொள்ள முடியாது.

தரங்கம்பாடியை விற்றுவிட்டுப் போன டென்மார்க்கில் என்ன நிலைமை என்று தேடிப் பார்த்தேன். அங்கே கடற்கரை தனியார் நிலமாகவே இருந்தாலும் யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம், சற்று நேரம் உட்காரலாம், குளிக்கலாம் என்று இயற்கைப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. கரையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று 1937-லேயே கோடு போட்டு, 1994-ல் ஊர்களுக்கு வெளியே அதை 300 மீட்டர் ஆக்கினார்கள். நம் பக்கம் எதிர்த் திசை. 1991, 2011, 2019 என்று கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு மூன்று தடவை வந்தது. கடைசியில், ஜனநெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் இருக்கிற கிராமப் பகுதிகளில் 200 மீட்டர் தடை 50 மீட்டராகக் குறைந்துவிட்டது. 2005-ல் 200 மீட்டர் ஆபத்து என்று சொல்லி ஆட்களைத் தள்ளிப் போகச் சொன்னோம். பதினாலு வருஷத்தில் 50 மீட்டர் போதும் என்கிறோம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

இதெல்லாம் கடலோரச் சங்கதி, நமக்கென்ன என்று எங்கள் ஊர்க்காரர்கள் நினைக்க வேண்டாம். புறம்போக்கு என்கிற வார்த்தையை இன்று வசவாக்கிவிட்டோம். வருவாய்க் கணக்கில் அதற்கு வரி விதிப்புக்குப் புறம்பான நிலம் என்று பொருள். ஏரி, ஆறு, மேய்ச்சல் நிலம், கடற்கரை, பாதை, சுடுகாடு, ஆக எல்லாருக்கும் பொதுவானது. 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டாகிறவரை பலமனேர் தாலுகா வட ஆற்காட்டோடுதான் இருந்தது. மாநிலம் மாறி, பாஷை மாறிய பிறகும் ஆந்திராவின் ரெவின்யூ ரிகார்டில் 'செருவு போரம்போக்கு' என்றுதான் எழுதுகிறார்கள். தரங்கம்பாடி மணலும் எங்கள் ஏரிக்கரையும் ஒரே தலைப்பின் கீழ் வருகிற நிலம். ஏரியைச் சுற்றி வேலி போட்டு அழகு செய்து, மாடு ஓட்டிக்கொண்டு போகிறவரையும் துணி துவைக்கிறவரையும் வெளியே நிறுத்திவிட்டுப் பொது ஜனத்துக்குத் திறந்தோம் என்று எங்கே சொன்னாலும், யார் பேர் பத்திரத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

நம்மில் பலர் லீவில் ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவுக்கு அறுபதோ எண்பதோ செய்யத் திருக்கடையூர் போகிறோம். ஹோமம் முடிந்து சாப்பாடு ஆனதும் வேன் நேரே சென்னைக்குத் திரும்பிவிடும். முதல் நாளே போய்த் தங்கினால் மறுநாள் விடியற்காலையில் ஒரு நடை தரங்கம்பாடி போய் வரலாம். தூரம் அதிகம் இல்லை. கோட்டை திறக்க நேரம் ஆகும், பரவாயில்லை. ஆறு, ஆறரைக்குப் போனால் மீன் பிடித்துவிட்டுப் படகுகள் திரும்பி வந்துகொண்டிருக்கும். கரையில் ஏலம் நடக்கும்போது குழந்தைகளைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள், அது வேலை நடக்கிற இடம். போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கால் நனைக்கக் கல்லில்லாத இடம் எது என்று அவர்களிடமே கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள்.